இல்லாத கேமரா எடுத்த படம்

கூடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் மின்விசிறியை நல்ல பகல் வெளிச்சத்தில் செல்போனில் படம் எடுத்துப் பாருங்கள். நேராக இருக்க வேண்டிய இறக்கைகள் கருக்கரிவாள் மாதிரி வளைந்திருக்கும். ஒன்று தடித்துத் தெரியும், இன்னொன்று மெலிந்து தெரியும். விசிறியில் கோளாறு எதுவும் இல்லை. செல்போன் சென்சார் மொத்தப் படத்தையும் ஒரே வீச்சில் எடுப்பதில்லை. மேல் வரிசையில் தொடங்கி ஒவ்வொரு வரிசையாகப் படித்துக்கொண்டே கீழே இறங்குகிறது. விசிறி நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் நொடிக்கு 5 சுற்று. எல்லா வரிசைகளையும் படித்து முடிக்க நொடியில் 60-இல் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் இறக்கை 30 டிகிரி நகர்ந்துவிடும். படத்தின் மேற்பகுதியில் இருப்பது பழைய இறக்கை, கீழ்ப்பகுதியில் இருப்பது புதிய இறக்கை. இரண்டையும் ஒட்டினால் அரிவாள்.

இதே அரிவாளைக் கணினியில் வரவழைக்க முப்பது வரி நிரல் போதும். மூன்று இறக்கை, ஒரு சுழற்சி வேகம், வரிசைக்கு ஒரு நேரம். முதல் தடவை அந்த வளைவு திரையில் வந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சம் விசித்திரமானது. நிஜத்தில் இல்லாத ஒரு விசிறியை, நிஜத்தில் இல்லாத ஒரு கேமரா, நிஜக் கேமரா செய்யும் அதே தப்போடு படம் எடுத்திருக்கிறது!

டிஜிட்டல் கேமரா படம் பிடிக்கும் விதத்தைக் கணினியில் போலச்செய்து பார்க்கும் துறையின் சாரம் இந்தத் தப்பில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. பாடப்புத்தகங்கள் இதை ‘உருவகப்படுத்துதல்’ என்று எழுதுகின்றன. ஆய்வகங்களில் எல்லோரும் சிமுலேஷன் என்றுதான் சொல்கிறார்கள். அழகான படத்தைக் கணினியில் வரைவது நாற்பது வருடத்துக் கலை, அதில் இன்று பெரிய வியப்பில்லை. ஒரு குறிப்பிட்ட லென்ஸும் ஒரு குறிப்பிட்ட சென்சாரும் சேர்ந்து எந்த இடத்தில் எவ்வளவு சொதப்பும் என்று முன்கூட்டியே சொல்வது வேறு வேலை. அந்த வேலையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், எங்கே தடுக்கி நிற்கிறோம் என்பதுதான் இங்கே கேள்வி.

இரண்டு பிறந்தகங்கள்

இந்தத் துறை இரண்டு வீடுகளில் தனித்தனியாகப் பிறந்தது. ஒன்று கணினி வரைகலை வீடு. 1980 வாக்கில் கணினி வரைந்த படங்களில் எல்லாமே ஊசித்துளைக் கேமராவில் எடுத்ததுபோல இருக்கும்: பக்கத்துப் பந்தும் தெளிவு, தூரத்து மலையும் தெளிவு. 1981-இல் மைக்கேல் பொட்மெசிலும் இந்திரனில் சக்ரவர்த்தியும் லென்ஸுக்கும் அதன் துளைக்கும் கணக்குப் போட்டு, குவியத்துக்கு வெளியே இருப்பவை மங்கித் தெரியும்படி செய்தார்கள். 1984-இல் லூகாஸ்ஃபிலிமில் இருந்த ராபர்ட் குக், தாமஸ் போர்ட்டர், லோரன் கார்ப்பென்டர் மூவரும் ஒளிக்கதிர்களை லென்ஸின் பரப்பு முழுவதிலும் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதிலும் சிதறவிட்டார்கள். ஓடும் பந்து இழுபட்டுத் தெரிந்தது. 1, 9, 8, 4 என்று எண்ணிட்ட பில்லியர்ட்ஸ் பந்துகள் மேசையில் உருளும் அவர்களுடைய படம் அந்தத் துறையில் இருப்பவர்களுக்குக் குலதெய்வப் படம் மாதிரி. 1995-இல் கிரெய்க் கோல்ப், டான் மிட்செல், பாட் ஹன்ரஹான் ஆகியோர் ஒரு படி மேலே போனார்கள். நிஜ லென்ஸ் ஒன்றுக்குள் எத்தனை கண்ணாடிகள், ஒவ்வொன்றின் வளைவு என்ன, இடைவெளி என்ன என்ற அட்டவணையையே கணினிக்குக் கொடுத்து, கதிரை ஒவ்வொரு பரப்பிலும் முறித்து முறித்து அனுப்பினார்கள்.

ஆனால் இவர்களுக்கு வேண்டியது கண்ணுக்குப் பிடித்த படம். 2008-இல் வந்த ‘வால்-ஈ’ படத்துக்காகப் பிக்சார் நிறுவனம் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸை அழைத்து ஆலோசனை கேட்டது, பழைய பனாவிஷன் லென்ஸ்களின் குறைகளைக் கணினிக் கேமராவில் ஏற்றத்தான். பின்னணியில் நீள்வட்டமாகச் சிதறும் விளக்குப் புள்ளிகளும் மெல்லிய மங்கலும் சேர்ந்து, குப்பைமேட்டு ரோபோவை நிஜமாகவே யாரோ படம் பிடித்திருப்பதாக நம்மை நினைக்க வைத்தன. அங்கே லென்ஸின் குறை ஒரு ரசனை. அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கேட்பாரில்லை.

இரண்டாவது வீடு கேமராப் பொறியாளர்களுடையது. அவர்களுக்கு ரசனை பிரச்சினை இல்லை, பணம்தான் பிரச்சினை. புது சென்சார் ஒன்றைச் சிலிக்கானில் வடித்தெடுக்க மாதக்கணக்கில் நாளும் ஏராளமான பணமும் ஆகும். வடித்த பிறகு, ‘பிக்சலைக் கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கலாமே’ என்று நினைத்துப் பயனில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிரையன் வாண்டெல், ஜாய்ஸ் ஃபாரெல் குழுவினர் 2000-களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஐசெட் என்ற மென்பொருள் தொகுப்பு இதற்கானதுதான். காட்சி, லென்ஸ், சென்சார், படச் செயலாக்கம் என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் இயற்பியல் அலகுகளில் வைத்துக் கணக்கிடும். இத்தனை வாட், இத்தனை எலக்ட்ரான், இத்தனை மில்லிவோல்ட். கண்ணுக்குப் பிடிக்கிறதா என்பது இரண்டாம்பட்சம்.

இரண்டு வீட்டாரும் ரொம்ப காலம் பேசிக்கொள்ளவில்லை. வரைகலையாளர்கள் லென்ஸ் வரை வந்து நின்றுவிட்டார்கள்; சென்சார் என்பது அவர்களுக்கு வெறும் கட்டம் போட்ட தாள். பொறியாளர்களோ சென்சாரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்கள், ஆனால் அதன் முன்னால் வைத்துப் பார்த்தது பெரும்பாலும் தட்டையான சோதனை அட்டைகளையும் 24 வண்ணக் கட்டங்களையும்தான். மாட் ஃபார், கிரெக் ஹம்ஃப்ரீஸ் ஆகியோரின் பி.பி.ஆர்.டி. என்ற ஒளிக்கணக்கு மென்பொருள் பொதுவில் கிடைத்த பிறகுதான் இரண்டும் இணைந்தன. அதை விளக்கும் புத்தகத்துக்காக அவர்களுக்கும் ஹன்ரஹானுக்கும் 2014-இல் ஆஸ்கார் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. முப்பரிமாணக் காட்சியைப் பி.பி.ஆர்.டி. தரும், அதைச் சென்சாரில் ஏற்றுவதை ஐசெட் பார்த்துக்கொள்ளும்.

புடவைக்கடை விளக்கு

முதல் கண்ணி காட்சி. இங்கேதான் புதிதாக வருபவர்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். ஏற்கெனவே எடுத்த புகைப்படம் ஒன்றையே ‘காட்சி’யாக எடுத்துக்கொண்டு அதன்மேல் சிமுலேஷனை ஆரம்பிப்பார்கள். அந்தப் படத்தில் ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்தான் இருக்கும். உலகத்தில் ஒளி அப்படி வருவதில்லை.

புடவைக்கடைக்குப் போனவர்களுக்கு இது தெரியும். கடைக்குள் இரண்டு சேலையும் ஒரே மெரூனாகத் தெரியும். வாசலுக்கு எடுத்துக்கொண்டு வந்தால் ஒன்று செம்மண், மற்றது கத்திரிப்பூ. அதனால்தான் அம்மாக்கள் கடைக்காரரிடம் ‘கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க’ என்கிறார்கள். சாயம் எந்த அலைநீளத்தை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது, விளக்கில் எந்த அலைநீளம் எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டையும் அலைநீளம் அலைநீளமாகப் பெருக்கினால்தான் இந்த வித்தியாசம் கணக்கில் வரும். வழக்கமாக 400 முதல் 700 நானோமீட்டர் வரை 10 நானோமீட்டருக்கு ஒரு எண் வீதம் 31 எண்களை ஒரு புள்ளிக்கு வைத்துக்கொள்கிறார்கள். மூன்றை வைத்து முப்பத்தொன்றைத் திரும்பப் பெற முடியாது. கேமராவின் வண்ண வடிகட்டியும் நம் கண்ணும் ஒளியை ஒரே மாதிரி பிரிப்பதில்லை என்பதால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயம் கேமராவுக்கு வேறுவேறாகத் தெரியலாம், மறுபக்கமும் நடக்கும். இணையத்தில் சேலை வாங்கி ஏமாந்தவர்கள் எல்லோரையும் ஏமாற்றியது வியாபாரி மட்டுமல்ல.

லென்ஸ் கண்ணியைப் பொறுத்தவரை இயற்பியல் தெளிவாகவே இருக்கிறது. குறையே இல்லாத லென்ஸும் ஒரு புள்ளி ஒளியைப் புள்ளியாகக் குவிக்காது, சிறு வட்டாகத்தான் குவிக்கும். அலையின் குணம் அது. பச்சை ஒளிக்கு எஃப் 1.8 துளையில் அந்த வட்டின் விட்டம் சுமார் 2.4 மைக்ரான். இன்றைய செல்போன் சென்சார்கள் சிலவற்றில் ஒரு பிக்சலின் அகலம் 0.7 மைக்ரான்தான், ஒரு வட்டுக்குள் குறுக்கே மூன்று பிக்சல் அடங்கிவிடும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்களிடம் இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டலாம். ஓரங்கள் இருளும் கணக்கும் எளிது: எளிய லென்ஸில் அச்சிலிருந்து 30 டிகிரி சாய்ந்து வரும் ஒளி, நடுவில் விழுவதில் 56 சதவீதம்தான் இருக்கும். சூரியன் எதிரே இருந்தால் கண்ணாடிகளுக்குள் ஒளி எதிரொளித்து எதிரொளித்துப் பலகோண நிழல்களாக மிதப்பதையும் கணக்கிட்டுவிடலாம்.

சிக்கல் இயற்பியலில் இல்லை, பூட்டில் இருக்கிறது. பழைய கேமரா லென்ஸ்களின் வடிவமைப்பு காப்புரிமை ஆவணங்களில் கிடைக்கும். செல்போனில் இருப்பவை வார்த்தெடுத்த பிளாஸ்டிக் லென்ஸ்கள், வளைவுகள் விசித்திரமானவை, எந்த நிறுவனமும் அவற்றின் வரைபடத்தை வெளியே தருவதில்லை. ஸ்டான்ஃபோர்டு குழு இதற்கு ஒரு சமரசம் கண்டுபிடித்திருக்கிறது. லென்ஸுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. இந்த இடத்தில் இந்தக் கோணத்தில் நுழையும் கதிர் அந்த இடத்தில் அந்தக் கோணத்தில் வெளியேறும் என்ற உறவை மட்டும் பல்லுறுப்புக் கோவைகளாக வாங்கிக்கொள்கிறார்கள். சமையல் குறிப்பு தர மாட்டேன், ருசியை மட்டும் சொல்கிறேன் என்பதுபோல.

பத்து எலக்ட்ரான்

சென்சாருக்கு வருவோம். என்னைக் கேட்டால் இந்த முழுத் துறையிலும் நிதானமாக நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

விளக்கு வைக்கிற நேரம், வீட்டுத் திண்ணை. சுவரில் விழும் வெளிச்சம் 10 லக்ஸ் என்று வைப்போம். சுவர் அதில் 20 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. எஃப் 1.8 லென்ஸ் வழியாக வடிந்து சென்சாரில் வந்து சேர்வது ஏறக்குறைய 0.15 லக்ஸ். பச்சை ஒளியில் ஒரு லக்ஸ் என்றால் ஒரு சதுர மைக்ரான் பரப்பில் நொடிக்குச் சுமார் 4,000 ஃபோட்டான்கள் விழும். நம் பிக்சல் ஒரு சதுர மைக்ரான், ஷட்டர் நொடியில் 30-இல் ஒரு பங்கு திறந்திருக்கிறது. பெருக்கி வகுத்தால் 20 ஃபோட்டான். அதில் பாதி எலக்ட்ரானாக மாறினால் பத்து.

பத்தே பத்து! அந்தச் சுவரின் ஒரு புள்ளியைப் பற்றிக் கேமராவுக்குத் தெரிந்த சேதி மொத்தமும் அவ்வளவுதான். அந்தப் பத்தும் நிலையில்லை. ஃபோட்டான்கள் பஸ் கால அட்டவணைப்படி வருவதில்லை, தற்செயலாக வருகின்றன. பாய்சான் பரவல் என்று புள்ளியியல் சொல்வது இதைத்தான்: சராசரி பத்து என்றால் ஏற்ற இறக்கம் பத்தின் வர்க்கமூலம், மூன்றுக்குச் சற்று மேல். ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் 7 என்றும் 13 என்றும் சொல்லும். உச்சிவெயிலில் 10,000 எலக்ட்ரான் பிடிக்கும் பெரிய பிக்சலில் ஏற்ற இறக்கம் 100. நூறில் ஒரு பங்கு என்பதால் கண்ணுக்குத் தெரியாது. திண்ணைப் படத்தில் மூன்றில் ஒரு பங்கு. இரவுப் படங்களில் புள்ளிபுள்ளியாகக் கொதிக்கும் அந்த இரைச்சலுக்கு முதல் காரணம் கேமரா அல்ல, ஒளியே.

அதன்மேல் சென்சார் தன் பங்கைச் சேர்க்கிறது. ஒவ்வொரு பிக்சலையும் படிக்கும்போது மின்சுற்று ஓரிரு எலக்ட்ரான் அளவுக்குத் தடுமாறும். ஒளியே இல்லாவிட்டாலும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் கசியும். வெப்பநிலை ஏறக்குறைய 6 முதல் 8 டிகிரி கூடும்போதெல்லாம் இந்தக் கசிவு இரட்டிப்பாகும். பிக்சல்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையும் அல்ல. சில கொஞ்சம் கூர்மையானவை, சில மந்தமானவை. கடைசியில் 10 அல்லது 12 பிட் எண்ணாக வெட்டும்போது பின்னம் தொலைகிறது. இவை ஒவ்வொன்றையும் அளக்க வழியிருக்கிறது. வெவ்வேறு வெளிச்சத்தில் தட்டையான படங்களை எடுத்து, சராசரிக்கு எதிராக ஏற்ற இறக்கத்தை வரைந்தால், அந்த ஒரே கோட்டிலிருந்து பெரும்பாலானவற்றைப் படித்துவிடலாம். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் ஜேம்ஸ் ஜேன்சிக் வளர்த்தெடுத்த முறை இது. தொழிற்சாலைக் கேமராக்களுக்கு ஐரோப்பியர்கள் கொண்டுவந்த ‘ஈ.எம்.வி.ஏ. 1288’ தரநிலையும் இதே அடிப்படையில் நிற்கிறது.

இவ்வளவு தெரிந்திருந்தும் பல ஆய்வுக் கட்டுரைகளில் நடப்பது என்ன? முடிந்துபோன ஜேபெக் படத்தின்மேல் ஒரே அளவு இரைச்சலை, ஆம்லெட்டுக்கு மிளகுத்தூள் மாதிரி, தூவிவிட்டு ‘கேமரா இரைச்சலைச் சேர்த்தோம்’ என்று எழுதிவிடுகிறார்கள். நிஜ இரைச்சல் இருட்டில் ஒரு மாதிரி, வெளிச்சத்தில் வேறு மாதிரி. அதோடு அது சென்சாரில் பிறந்து, பிறகு வண்ணம் நிரப்பும் கட்டம், கூர்மையாக்கும் கட்டம் எல்லாவற்றிலும் மிதிபட்டு, திட்டுத்திட்டாக வெளியே வருகிறது. தூவிய மிளகு அப்படி ஊறாது. இன்னொரு தப்பு நானே செய்தது: வீடியோவின் எல்லாச் சட்டகங்களுக்கும் ஒரே தற்செயல் எண் வரிசையைக் கொடுத்துவிட்டேன். இரைச்சல் உறைந்து நின்றது. அழுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் ஊர் நகர்வது மாதிரி இருந்தது.

பிக்சலை வாளி என்றும் ஒளியை மழை என்றும் சொல்லிக்கொடுப்பது வழக்கம். நல்ல உவமைதான், ஓரளவு வரைக்கும். சிலி நாட்டின் செர்ரோ பச்சோன் மலைமேல் இருக்கும் வேரா ரூபின் வானாய்வகத்தில் அந்த உவமை உடைகிறது. 189 சென்சார்களை அடுக்கிய 3,200 மெகாபிக்சல் கேமரா அது. 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டார்கள். கேமரா தயாராவதற்குப் பல வருடம் முன்பே அதன் படங்கள் கணினியில் தயாராகிவிட்டன. ஃபோசிம் என்ற நிரல், ஒவ்வொரு ஃபோட்டானையும் தனித்தனியாக வளிமண்டலத்தின் அலைக்கழிப்பு, கண்ணாடிகளின் நெளிவு, சிலிக்கானின் உட்புறம் என்று வழிநெடுகத் தொடர்ந்து போகும். ஏன் இத்தனை பாடு? விண்மீன் மண்டலங்களின் வடிவம் மிகச் சிறிதளவு நசுங்கியிருப்பதை வைத்துக் கரும்பொருளை அளக்கப்போகிறார்கள். கேமராவே நசுக்கியதைப் பிரபஞ்சம் நசுக்கியதாக எடுத்துக்கொண்டால் எல்லாம் வீண்.

அங்கேதான் வாளி ஏமாற்றுகிறது. பிக்சலில் ஏற்கெனவே சேர்ந்த எலக்ட்ரான்கள், புதிதாக வரும் எலக்ட்ரான்களை மின்விலக்கத்தால் பக்கத்துப் பிக்சலுக்குத் தள்ளிவிடுகின்றன. நிரம்ப நிரம்ப வாய் குறுகும் வாளி! விளைவு, பிரகாசமான நட்சத்திரம் மங்கலான நட்சத்திரத்தைவிடக் கொஞ்சம் பருத்துத் தெரிகிறது. இதற்கு ‘வெளிச்சமானது குண்டாகும் விளைவு’ என்ற பொருளில் ஒரு கிண்டலான பெயர் வைத்திருக்கிறார்கள். பிக்சல்களைத் தனித்தனி வாளியாகக் கருதும் எந்தச் சிமுலேஷனிலும் இது வராது.

வானியலாளர்கள் இப்படி அலட்டிக்கொள்வதற்குப் பழைய காயம் ஒன்றும் உண்டு. 1990-இல் ஹபிள் தொலைநோக்கி மேலே போன பிறகு, அதன் முதன்மைக் கண்ணாடியின் ஓரம் 2.2 மைக்ரான் அதிகமாகத் தேய்க்கப்பட்டிருந்தது தெரியவந்தது. 1993-இல் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்யும் வரை, மங்கிய படங்களை மீட்க ஒரே வழி அந்தப் பிழை ஒரு நட்சத்திரப் புள்ளியை எப்படிச் சிதறடிக்கும் என்று துல்லியமாகக் கணக்கிட்டு, அதைத் திரும்பக் கழிப்பது. ஜான் கிரிஸ்ட் எழுதிய ‘டைனி டிம்’ என்ற நிரல் அந்தச் சிதறலைப் போலச்செய்தது.

பூட்டிய அறை

சென்சார் தந்த எண்கள் படமல்ல. கோடாக்கில் இருந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதாவது ஒரு வடிகட்டிதான் உட்கார்ந்திருக்கும். நான்கில் இரண்டு பச்சை. மீதி இரண்டு வண்ணத்தையும் அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும். நம் கையில் இருக்கும் வண்ணப் படத்தின் எண்களில் மூன்றில் இரண்டு பங்கு அளந்தவை அல்ல, ஊகித்தவை. அதன்பின் வெண்மையைச் சரிசெய்தல், வண்ணம் மாற்றல், இருட்டைத் தூக்கி வெளிச்சத்தை அமுக்குதல், இரைச்சல் நீக்கல், கூர்மையாக்கல், கடைசியில் சுருக்கல்.

இதில் ஒவ்வொரு படியும் தனித்தனியாகப் புத்தகங்களில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட செல்போன் எந்த அளவில், எந்த வரிசையில், எதைப் பார்த்து முடிவெடுத்துச் செய்கிறது என்பது மட்டும் எங்கும் கிடையாது. என் பாட்டியின் தொண்ணூறாவது பிறந்தநாளில் எடுத்த படத்தில் அவள் முகம் இரண்டு நிறம் வெளுத்து, கன்னச் சுருக்கங்கள் பாதி காணாமல் போயிருந்தன. எந்த அமைப்பையும் நான் தொடவில்லை. ‘யாருடி இது, என் தங்கச்சியா?’ என்று கேட்டாள். லென்ஸின் இயற்பியலையும் சிலிக்கானின் இயற்பியலையும் எத்தனை துல்லியமாகக் கணக்கிட்டாலும் அந்தக் கன்னத்தை வரவழைக்க முடியாது. அது எங்கோ ஒரு கூட்டத்தில் யாரோ எடுத்த ரசனை முடிவு. ரசனைக்குச் சமன்பாடு கிடைக்காது, நிறுவனம் கொடுத்தாலொழிய.

ஆகவே ஆய்வாளர்கள் பெரும்பாலும் இந்தப் பூட்டிய அறைக்கு முன்வாசலிலேயே நின்றுகொள்கிறார்கள்: செயலாக்கம் தொடங்குமுன் இருக்கும் பச்சைத் தரவோடு ஒப்பிட்டுவிட்டு வெற்றி என்கிறார்கள். சிலர் பின்வாசல் வழியாக வருகிறார்கள். 2019-இல் கூகுள் ஆய்வாளர்கள் சாதாரண இணையப் படங்களை எடுத்து, செல்போன் செய்திருக்கக்கூடிய ஒவ்வொரு படியையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகீழாக்கி, பச்சைத் தரவு போன்ற ஒன்றைத் தயாரித்து, அதில் பாய்சான் இரைச்சலைச் சேர்த்து, அதைக் கொண்டு இரைச்சல் நீக்கும் நரம்பு வலைப்பின்னலைப் பயிற்றினார்கள். பொரித்த அப்பளத்தை மாவாக்குகிற வேலை. ஆனாலும் நிஜப் படங்களில் நன்றாகவே வேலை செய்தது.

ஒப்பிட்டுப் பார்ப்பது பற்றிச் சொன்னேன். அதன் வரலாறு ஒரு பெட்டியில் தொடங்குகிறது. 1984-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு வெறும் பெட்டியைக் கணினியில் வரைந்தார்கள். பிறகு அதே பெட்டியை நிஜத்தில் செய்து பக்கத்தில் வைத்தார்கள். இன்று நாம் அறிந்த வடிவத்தில் ஒரு பக்கச் சுவர் சிவப்பு, எதிர்ச்சுவர் பச்சை, நடுவில் இரண்டு கட்டைகள், கூரையில் விளக்கு. சிவப்புச் சுவரில் பட்ட ஒளி வெள்ளைக் கட்டைமேல் லேசாகச் சிவந்து வழிகிறதா என்பதுதான் தேர்வு. ஸ்டான்ஃபோர்டு குழு அதே பெட்டியை அண்மையில் மறுபடி கட்டியது. விளக்கின் நிறமாலையை அளந்தார்கள், சுவர்ப் பூச்சை அளந்தார்கள், கூகுள் பிக்சல் 4ஏ செல்போனால் படம் எடுத்தார்கள். அந்த செல்போனின் லென்ஸையும் சென்சாரையும் கணினியில் போலச்செய்து இன்னொரு படம் எடுத்தார்கள். ஓரம் இருளும் விதம், விளிம்புகளின் மங்கல், இரைச்சலின் அளவு என எல்லாம் நெருங்கி வந்தன. இந்தத் துறை கொண்டாட வேண்டிய வெற்றி இது. ஆனால் அது ஒரு பெட்டி. ஆடாது, அசையாது, மழையில் நனையாது.

கேமரா பார்க்கப்போவதோ சாலை. ஓட்டுநரில்லாக் கார்களுக்கான கண்களைப் பயிற்ற, கணினி விளையாட்டு எஞ்சின்மேல் கட்டிய கார்லா என்ற மெய்நிகர் நகரம் 2017 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே ஆயிரம் விபத்துகளை ஒருவர் உயிரும் போகாமல் நிகழ்த்தலாம். ஆனால் அதன் தெருவில் போகும் கேமரா மிகவும் நல்ல பிள்ளை. எல்.இ.டி. சிக்னல் விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிவதால், வெயிலில் குறுகிய ஷட்டரில் எடுக்கும் நிஜக் கேமராவுக்குச் சில சட்டகங்களில் சிவப்பு விளக்கே அணைந்து தெரியும். இதை வரவழைக்க விளக்கின் துடிப்பையும் ஷட்டரின் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தெருவும் வேறு. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. குழு ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் எடுத்த 10,000 படங்களை வைத்து இந்தியச் சாலைத் தரவுத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. அதில் ஆட்டோவுக்கும் விலங்குகளுக்கும் தனி வகை ஒதுக்க வேண்டியிருந்தது. மெய்நிகர் நகரங்களில் இன்னும் மாடு அவ்வளவாக மேய்வதில்லை.

துல்லியம் தேவையே இல்லை, கண்டபடி மாற்றினாலே போதும் என்றும் ஒரு கட்சி இருக்கிறது. வெளிச்சம், நிறம், தோற்றம் எல்லாவற்றையும் தாறுமாறாகக் குலுக்கிப் பல்லாயிரம் படம் காட்டினால், நிஜ உலகம் அவற்றில் இன்னொரு குலுக்கலாகத்தான் கணினிக்குப் படும் என்று 2017-இல் ரோபோ கையொன்றை வைத்துக் காட்டினார்கள். மேசைமேல் இருக்கும் கட்டையை எடுக்க அது போதும். இருட்டுக்கு அது போதாது. 2020-இல் மிகக் குறைந்த வெளிச்சத்துக்கான இரைச்சலைப் பாய்சானில் தொடங்கி வரிசை வரிசையாகக் கோடிழுக்கும் மின்சுற்றுத் தடுமாற்றம் வரை பிரித்து அளந்து போலச்செய்த ஒரு குழு, அந்தப் போலித் தரவில் மட்டுமே பயிற்றிய வலைப்பின்னல் நிஜத் தரவில் பயிற்றியதோடு சரிக்குச் சரி நிற்பதைக் காட்டியது. குலுக்கலைவிட அளவீட்டின் பக்கம் நான் சாய்வதற்கு இந்தச் சோதனையும் ஒரு காரணம்.

பிக்சல்களின் கூர்மையும் மந்தமும் ஒவ்வொரு சென்சாருக்கும் வேறுபடும் என்றேன் அல்லவா? பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தின் யான் லூக்காஷ், ஜெசிக்கா ஃப்ரிட்ரிச், மிரோஸ்லாவ் கோல்யான் 2006-இல் அதையே கைரேகையாக்கினார்கள். ஒரே மாடல் கேமராக்கள் இரண்டில் எது இந்தப் படத்தை எடுத்தது என்று அந்த நுண்ணிய ஏற்றத்தாழ்வை வைத்துச் சொல்லிவிட முடிந்தது. செயற்கை நுண்ணறிவு வரையும் படங்களுக்குச் சென்சார் கிடையாது, ஆகவே இயல்பாகக் கைரேகையும் கிடையாது. கேமரா சிமுலேஷன் தெரிந்தவர் நினைத்தால் ஒன்றை ஒட்டிவிடலாம். தடயவியலாளர்களும் இந்தத் துறையைக் கற்கத்தான் வேண்டும்.

திண்ணைக்குத் திரும்புகிறேன். பத்து எலக்ட்ரான் கணக்கை வைத்து எங்கள் வீட்டுத் திண்ணையைக் கணினியில் படம் எடுத்தேன். கொதிக்கும் இரைச்சல், எதிர்பார்த்தபடியே. அதே நேரத்தில் செல்போனில் எடுத்த நிஜப் படம் எவ்வளவோ தெளிவாக இருந்தது. கணக்கை மூன்று தரம் சரிபார்த்த பிறகுதான் உறைத்தது: செல்போன் எடுத்தது ஒரு படமல்ல, அடுத்தடுத்துப் பல படங்கள், அவற்றை நகர்த்திப் பொருத்திச் சேர்த்திருக்கிறது. கூகுள் குழு இப்படிச் சேர்க்கும் முறையை 2016-இல் விவரித்திருக்கிறது. எத்தனை படம் என்பதை ஊகித்துச் சேர்த்தேன். இரைச்சல் இறங்கியது, ஆனால் ஓட்டின் விளிம்பும் கோலத்தின் இழையும் நிஜப் படத்தில் இருந்த அளவுக்குக் கூர்மையாக வரவில்லை. என் மெய்நிகர்க் கேமராவை நான் கல் மாதிரி அசையாமல் பிடித்திருந்தேன். நிஜத்தில் கை நடுங்குகிறது. ஒவ்வொரு நடுக்கத்திலும் பிக்சல்கள் இம்மியளவு தள்ளிப்போவதால், போன படத்தில் சிவப்பை மட்டும் அளந்த இடத்தை அடுத்த படத்தில் பச்சைப் பிக்சல் அளக்கிறது. ஊகிக்க வேண்டியவற்றில் பலவும் அளந்தவை ஆகிவிடுகின்றன. அதே நிறுவனத்தார் 2019-இல் இதையும் எழுதியிருக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கி எடுக்கும்போது இதற்குக் கை நடுக்கத்தையே நம்பியிருக்கும் அவர்களுடைய செல்போனை முக்காலியில் வைத்தால், நடுக்கம் இல்லாததைக் கண்டுகொண்டு, லென்ஸைத் தானே கொஞ்சம் ஆட்டிக்கொள்ளும்.